குழாயைத் திறந்துவிட்டுப் படித்தவர்கள்

செயற்கைப் பல் செய்கிற பட்டறையில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. முதலாளி முதல் மெழுகு உருக்குகிற பெண் வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய வாய், பிளாஸ்டர் அச்சாக அவள் மேசைக்கு வரும். அதில் மெழுகு வைத்து, பல் வரிசையை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் கடிக்க வைத்துப் பார்த்து, மறுநாள் பாலிஷ் போட்டு அனுப்புவாள். "பல்லக்கா கட்டிக் குடுத்த பல்லைப் போட்டா மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரிப்பாங்க" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அவள் அதற்கும் பல் தெரியாமல்தான் சிரிப்பாள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஆறு வயது மகளையும் ஒரு பையையும் இழுத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். புருஷனிடமிருந்து தப்பி வந்தவள். அவன் இருநூறு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்று கோர்ட் போட்ட உத்தரவு பிளாஸ்டிக் உறைக்குள் அலமாரியில் இருந்தது. காகிதம் போய்க் கதவுக்கு முட்டுக் கொடுக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் புது ஊர், புது வேலை, புது ஃபோன் நம்பர்.

புருஷன் வீட்டில் "என்ன படிக்கிற?" என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பான். குரலை உயர்த்தவே மாட்டான். "என்ன படிக்கிற? சொல்லேன், நானும் தெரிஞ்சுக்கறேன்" என்பான். கதையைச் சொன்னால், "இதுல எவன் மேல உனக்குக் கண்ணு?" என்பான். சொல்லாமல் நின்றால், "அப்ப சொல்ல முடியாத சங்கதி" என்பான். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். போகப் போக அவள் குளியலறைக்குள் போய், பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, துணி அலசுகிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டு, பத்துப் பத்து நிமிடமாகப் படித்தாள். ஒரு நாவலை முடிக்க மூன்று மாதம் ஆகும். ஒரு விடுமுறை நாள் மதியம் அவன் அந்தக் கதவை உடைத்தான். அந்த வாரத்திலேயே அவள் கிளம்பிவிட்டாள்.

இந்த ஊர் லைப்ரரிக்கு முதன்முதலில் போனபோது, மூக்கில் எந்நேரமும் ஜலதோஷத்தோடு இருக்கும் லைப்ரரி மேடம், கவுன்டருக்குப் பின்னாலிருந்து சாதாரணமாகத்தான் கேட்டார்: "என்ன படிக்கிறீங்க?" கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்துவிட்டது. "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள்.

"ஒண்ணுமில்லாத புத்தகத்தையா ரெண்டு தடவை புதுப்பிச்சீங்க?" என்று மேடம் தும்மினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஒரு கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, இப்போது என்ன படிக்கிறோம், எது பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பஸ் டிரைவரண்ணன் ஒரு வருடமாகத் தேனீக்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தார். டெய்லர் பேய்க்கதைகள் மட்டும் படிப்பார். படித்துவிட்டுத் தனியாகக் கடையில் இருக்கப் பயந்து பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். பல்லக்கா எட்டு மாதம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒன்பதாவது மாதம், கடன் வாங்கிய கழுதையைத் திருப்பிக் கொடுக்க ஊர் ஊராக நடக்கிற ஒரு கிழவரைப் பற்றிய நாவலை எடுத்தாள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் இருபது நிமிடம் நிறுத்தவில்லை. பேசி முடித்த பிறகுதான் தன் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதையே நாலு வரியா எழுதிக் குடும்மா, லைப்ரரி பக்கத்துல போடுறேன்" என்றார்.

"முகம் வராதுல்ல மேடம்?"

"புத்தகத்தைப் புடிச்சிருக்கிற கை மட்டும்தான்."

அப்படித்தான் அந்தப் படம் லைப்ரரியின் இணையப் பக்கத்தில் வந்தது. நகக்கண்ணில் பிளாஸ்டர் வெள்ளை ஒட்டிய ஒரு கை, கழுதை நாவல், அதன்மேல் லைப்ரரி முத்திரை. கீழே, "பல் செட் செய்யும் நம் வாசகி இப்போது ரசித்துப் படிப்பது" என்று ஒரு வரி.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். நாற்பது பேர் பாராட்டியிருந்தார்கள். கடைசியில், படமும் பெயரும் இல்லாத ஒருவர் எழுதியிருந்தார்:

"இன்னும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் படிக்கிறதா?"

அவள் கையிலெடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள். மறுபடி படித்தாள். படிக்கிறீங்களா என்றும் இல்லை, படிக்கிறியா என்றும் இல்லை. படிக்கிறதா. மரியாதையும் இல்லாமல், மரியாதைக் குறைவும் இல்லாமல், ஆளையே ஒரு பொருட்டாக மதிக்காத அந்த மொட்டைக் கேள்வியில் அவன் குரல் கேட்டது. குழாய் விஷயம் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. மகளுக்கே தெரியாது.

"என்ன பல்லக்கா, சாதத்துல கல்லா?" என்றாள் மெழுகு உருக்குகிற பெண்.

பல்லக்கா எழுந்தாள். டப்பாவை மூடாமல், பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். மணி ஒன்றரை. பள்ளிக்கூடம் விட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பள்ளி வாசலில் நின்ற காவலாளியிடம், "யாராவது என் பொண்ணைக் கேட்டு வந்தாங்களா?" என்றாள். இல்லை என்று அவர் சொன்னது காதில் ஏறவில்லை. எதிர்ச்சாரியில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீலச் சட்டை போட்ட ஒருவன் திரும்பியபோது கேட்டுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவன் வேறு யாரோ. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குப் பட்டப்பகல் வெளிச்சத்திலேயே ஊரெல்லாம் பேயாக இருந்தது.

மகள் வந்ததும், வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, சுற்றிப் போகிற வேறொரு பஸ்ஸில் ஏற்றினாள். "ஏம்மா இது?" என்று கேட்ட மகளிடம், "சும்மா, ஊரைச் சுத்திப் பாக்கலாம்னு" என்றாள்.

"பாத்த ஊரைத்தானம்மா பாக்கறோம்?" என்றாள் மகள். பத்து வயதுப் பிள்ளையை ஏமாற்றுவது லேசில்லை.

மறுநாள் காலை நேராக லைப்ரரிக்குப் போனாள். நான்கு வருடமாக யாரிடமும் சொல்லாததை மேடத்திடம் சொன்னாள். முழுவதும் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தைச் சொன்னாள், குழாயைச் சொன்னாள், கதவைச் சொன்னாள். மேடம் தும்மக்கூட மறந்துவிட்டார். பிறகு மெதுவாகக் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நேத்து சாயங்காலம் அதே ஆள் இன்னொண்ணு கேட்டிருந்தாங்கம்மா. நான் விவரம் தெரியாம..."

"சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வெளியாட்கள் வரலாமா?" என்று இருந்தது. அதற்குக் கீழே லைப்ரரியின் பெயரில் மேடம் பதில் எழுதியிருந்தார்: "தாராளமாக வரலாம்! காலை பத்து மணி. உங்களை வரவேற்கிறோம்!" பக்கத்தில் மூன்று பூக்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடுறேன். நீ அந்தப் பக்கமே வராத. வீட்டுலயே இரு."

"அழிச்சா மட்டும் பாத்தது பாக்காததாயிடுமா மேடம்? பல் செட் செய்யிற பட்டறை இந்த ஊர்ல ரெண்டே ரெண்டு."

அன்றைக்கு முழுவதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு கீழ்த்தாடை செட்டில் பல்லை இடம் மாற்றி நட்டுவிட்டாள். மறுபடி ஊரை விட்டுப் போகலாமா என்று யோசித்தாள். எங்கே போவது, மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை தடவை போவது? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் தானும் மகளும் மட்டும் இருக்கும்போது கதவு தட்டப்படுவதைவிட, பன்னிரண்டு பேர் நடுவில் அவனைப் பார்ப்பது மேல். சனிக்கிழமை போவதென்று தீர்மானித்தாள். தீர்மானித்ததால் பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

சனிக்கிழமை மகளை முதலாளியின் மனைவியிடம் விட்டுவிட்டு, ஒன்பதரைக்கே போய்விட்டாள். மேடம் மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார். டிரைவரண்ணன் நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தார். டெய்லர் சட்டைப் பையைத் தட்டிக் காண்பித்தார்.

"கத்திரிக்கோல் கொண்டாந்திருக்கேன்."

"அதை உள்ள வைங்க ஐயா, உங்களுக்கே குத்திடப் போகுது" என்றார் டிரைவரண்ணன்.

பத்து மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. தேனீ ராணியைப் பற்றி டிரைவரண்ணன் பேசினார். ஆனால் கண் வாசலிலேயே இருந்ததால் ராணி என்ன செய்தது என்று அவருக்கே தெரியவில்லை. பத்தேகாலுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு ஆள் உள்ளே நுழைந்தான். அதே உயரம், அதே தோள். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். பல்லக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். 

அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றினான். நரைத்த மீசை. கையில் ஸ்க்ரூடிரைவர். "ஃபேன் ஓடலைன்னு ஃபோன் பண்ணீங்களே" என்றவர், எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எதுக்குங்க எந்திரிச்சு நிக்கிறீங்க? நான் என்ன மந்திரியா?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். டெய்லர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மேடம் சமாளித்து, "சரி சரி, தொடருவோம். அடுத்தது... பின்னாடி நீங்க புதுசா? என்ன படிக்கிறீங்கம்மா?" என்றார்.

அப்போதுதான் எல்லாரும் திரும்பினார்கள். எல்லாக் கண்ணும் ஒரு ஆண்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்ததில், கடைசி நாற்காலியில் எப்போதோ வந்து உட்கார்ந்திருந்த மெலிந்த பெண்ணை ஒருவரும் கவனிக்கவில்லை. தலையைச் சுற்றித் துணி கட்டி, பாதி முகத்தை மூடியிருந்தாள். மடியில் ஒரு பழைய புத்தகம். ஈரத்தில் ஊறிக் காய்ந்து இரு மடங்கு தடித்துப் போயிருந்தது.

"நான்..." என்று ஆரம்பித்தவள் இருமினாள். "நான் நாலு வருஷமா இந்த ஒரு புத்தகத்தைத்தான் படிக்கிறேன். வேற கிடையாது. இது எங்க அண்ணி விட்டுட்டுப் போனது. பாத்ரூம் தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்துச்சு."

அந்தக் குரலைக் கேட்டதும் பல்லக்கா எழுந்துவிட்டாள். அவனுடைய தங்கை. வீட்டில் எல்லாருக்கும் குட்டி. பல்லக்கா வீட்டை விட்டு வந்தபோது கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த நாத்தனார்.

"அவன் எங்க? வெளிய நிக்கிறானா? உன்னை உள்ள அனுப்பிட்டு வெளிய நிக்கிறானா?" கத்துகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. டிரைவரண்ணன் ஓடிப்போய் வெளிக் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

"இல்ல அண்ணி. நான் மட்டும்தான் வந்தேன். சத்தியமா" என்றாள் குட்டி. முகத்துணியை இறக்கினாள். வலது கன்னத்தின் மேல்பக்கம் மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிப் போயிருந்தது.

மேடம் இருவரையும் பின்னால் இருந்த பைண்டிங் அறைக்கு அழைத்துப் போய், தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கிழிந்த புத்தகங்களும் பசை வாசனையுமாக இருந்த அந்தச் சின்ன அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நீங்க போனதுக்கப்புறம் அவன் கை சும்மா இருக்குமா?" என்றாள் குட்டி. "காலேஜை நிறுத்திட்டான். சர்டிபிகேட்டெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டான். வெளிய கேட்டா, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுவான். அக்கம்பக்கத்துல அவனை மாதிரி தங்கமான அண்ணன் உண்டான்னு பேசிக்கறாங்க."

"அந்தக் கேள்வியை ஏன் அப்படி எழுதின? என் உசுரே போயிடுச்சு."

"அண்ணின்னு எழுதினா யாராவது பாத்துடுவாங்க. நீங்கன்னு எழுதவும் என்னவோ மாதிரி இருந்துச்சு. நீங்கதானான்னும் நிச்சயமாத் தெரியல. ராத்திரியெல்லாம் ஃபோன்ல லைப்ரரிப் பக்கங்களாப் பாத்துட்டிருப்பேன், அதுல இந்தக் கையைப் பாத்தேன், அந்த மோதிர விரல் வளைஞ்சிருக்கறதைப் பாத்தேன். நீங்கதான்னா குழாய்னு சொன்னாப் புரியும்னு நெனச்சேன்."

மோதிர விரல் வளைந்தது எதனால் என்று இருவருக்கும் தெரியும்.  பிறகு பல்லக்கா நான்கு வருடமாகத் தன் மனசுக்குள் கிடந்ததைக் கேட்டாள்.

"அன்னிக்கு அவன் கதவை உடைச்சப்ப நீ கூடத்துலதான இருந்த? டிவி சத்தத்தை ஏன் கூட்டி வச்ச?"

குட்டி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது மட்டும் இல்ல அண்ணி. நீங்க உள்ள துணி துவைக்கல, படிக்கிறீங்கன்னு அவன்கிட்ட சொன்னதே நான்தான். என் ஃபோனைப் புடுங்கி வச்சுக்கிட்டு, உன் அண்ணி என்ன பண்றான்னு சொன்னாத் தருவேன்னான். சொன்னேன். குடுத்துட்டான்."

பல்லக்கா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. அந்தக் கன்னத்தில் ஏற்கெனவே ஒருவன் விட்டிருந்தான். பதினெட்டு வயதுப் பெண்ணை அந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அன்றைக்கு அவள் தன் மகளின் கையை மட்டும்தான் பிடித்தாள். இந்தக் கையையும் பிடித்திருக்கலாம். நினைக்கவேயில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. சட்டென்று திரும்பினாள்.

"குட்டி, உன் ஃபோன் எங்க?"

"வீட்டுலயே போட்டுட்டேன். கையில வச்சிருந்தா அதை வச்சே கண்டுபிடிச்சிடுவான்ல?"

"அந்த ஃபோன்லதான லைப்ரரி பக்கத்தைப் பாத்த? அதுலதான கூட்டத்தைப் பத்திக் கேட்ட?"

குட்டியின் முகம் வெளிறிப்போனது. "அண்ணி..." என்றாள்.  மேடம் இணையப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்தான். ஆனால் அந்த ஃபோனைத் திறந்து அவள் கடைசியாக என்ன பார்த்தாள் என்று தேடினால் லைப்ரரியின் பெயர் முதல் வரியிலேயே இருக்கும். அவன் அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வருவான்.

நான்கு வருடமாக ஒளிந்திருந்த வீட்டின் சாவியைத் தன் கையாலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பெண்ணை என்ன செய்வது? வந்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பிவிட்டால் ஒருவேளை... என்று ஒரு நினைப்பு பல்லக்காவுக்கு ஓடத்தான் ஓடியது. பொய் சொல்லக்கூடாது. ஒரு நிமிடம் முழுசாக ஓடியது. பிறகு கதவைத் திறந்து, "மேடம், இவளும் என்கூட இருக்கட்டும். போலீசுக்குப் போகணும், யாராவது கூட வாங்க" என்றாள்.

நான்கு பேர் போனார்கள். போலீஸ் அதிகாரி கோர்ட் உத்தரவைப் படித்தார், குட்டியின் கன்னத்தைப் படம் எடுத்தார், புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். "ஆள் இன்னும் இந்த ஊருக்கே வரலியேம்மா. வந்தா உடனே கூப்பிடுங்க, பத்து நிமிஷத்துல இருப்போம்" என்றார்.

"பத்து நிமிஷம்" என்று பல்லக்கா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் என்னென்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பல்லக்கா, மகள், குட்டி மூன்று பேரும் மேடத்தின் வீட்டில் தங்கினார்கள். பல்லக்கா நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு போட்டாள், பாய் விரித்தாள், பேசவில்லை. மகள்தான், "நீங்க எனக்கு அத்தையா? அப்புறம் ஏன் இவ்வளவு நாள் வரலை?" என்று கேட்டுக் குட்டியை அழ வைத்தாள்.

திங்கட்கிழமை மகளை மேடத்தின் கணவரிடம் விட்டுவிட்டு, இருவரும் மேடத்தோடு லைப்ரரிக்கே போனார்கள். பட்டறைக்குப் போக வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார். பைண்டிங் அறையில் உட்கார்ந்து கிழிந்த அட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

பதினொரு மணி இருக்கும்.

"வணக்கம் மேடம். ஒரு சின்ன உதவி" என்று வெளியே ஒரு குரல் கேட்டது.

குட்டியின் கையிலிருந்த பசைத் தூரிகை அப்படியே நின்றது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், அவன். அதே தழைந்த குரல், அதே மரியாதை. "என் தங்கச்சி கொஞ்சம் மனநிலை சரியில்லாதவ மேடம். இந்தப் பக்கம் வந்திருக்கான்னு கேள்விப்பட்டேன். மருந்து சாப்பிடலைன்னா கஷ்டம். உள்ள ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

 பல்லக்கா மேசைக்கடியில் நாத்தனாரின் கையைத் தேடிப் பிடித்தாள்.  மணி அடித்துக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று தன் ஃபோனையும் மேடத்திடமே கொடுத்திருந்தாள். மேடம் போலீசை அழைத்தாரா? மூச்சு விட்டால் கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடம் ஒரு தும்மல் போட்டார். "அடடா, பாவம். பாருங்க சார், தாராளமாப் பாருங்க. ஆனா மெம்பர் இல்லாதவங்களை அலமாரிப் பக்கம் விடக்கூடாதுன்னு விதி. ஒரு ஃபாரம், அவ்வளவுதான். பேரு, விலாசம், இன்னைய தேதி, இப்ப மணி என்னன்னும் போட்டுடுங்க. கையெழுத்து ரெண்டு இடத்துல."

"இதெல்லாம் எதுக்கு மேடம், ஒரு நிமிஷ வேலைக்கு?"

"எனக்கும் மேலதிகாரின்னு ஒருத்தர் இருக்காரே சார். பேனா இந்தாங்க. அது எழுதாது, இதை வச்சுக்கங்க. என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்னு ஒரு கட்டம் இருக்கு, அதையும் பூர்த்தி பண்ணிடுங்க."

எழுதுகிற சத்தம் கேட்டது. விலாசம் சரியில்லை என்று மேடம் இன்னொரு ஃபாரம் கொடுத்தார். சீல் வைக்க மை இல்லை என்று மேசை மேசையாகத் தேடினார். அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு வந்தது. பிறகு ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் ஏதோ உலோகம் வைக்கப்படுகிற சின்ன ஓசை மட்டும் கேட்டது. அது என்ன என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. கடிகாரம். குட்டியின் நகங்கள் பல்லக்காவின் உள்ளங்கையில் பதிந்தன.

"மேடம்" என்றான் அவன். "அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்கு?"

காலடிச் சத்தம் பைண்டிங் அறையை நோக்கி வந்தது. மூன்று அடி, நான்கு அடி. கைப்பிடி அசைந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. இரண்டாவது தடவை பலமாக அசைந்தபோது வெளியே பல பூட்ஸ் சத்தம் கேட்டது. ஃபாரம் எடுக்கக் குனிந்தபோதே மேடம் போலீசுக்குத் தகவல் அனுப்பியிருந்தார்; அதிகாரி சொன்ன பத்து நிமிடம் பதிமூன்றாகியிருந்தது.

"அம்மா, கொஞ்சம் வெளிய வந்து ஆள் இவர்தானான்னு சொல்லுங்க" என்றார் அதிகாரி கதவுக்கு வெளியே.

அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கப் பல்லக்காவுக்குக் கை வரவில்லை. விரல்கள் வழுக்கின. குட்டிதான் திறந்தாள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவன் புன்னகையோடு நின்றான். நான்கு வருடத்தில் கொஞ்சம் பருத்திருந்தான். "வாங்க ரெண்டு பேரும்" என்றான், ஏதோ பஸ் ஸ்டாண்டில் கூட்டிப்போக வந்தவன் மாதிரி. "வீட்டுல உங்களுக்கும் சேர்த்துச் சமைச்சு வச்சிட்டுத்தான் கிளம்பினேன்."

"இவர்தானா?" என்றார் அதிகாரி மறுபடி.

"ஆமா" என்றாள் பல்லக்கா. சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை கவுன்டர் வரை கேட்டது.

அவன் தன் கையாலேயே பேர், விலாசம், தேதி, மணி எல்லாம் எழுதி இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்ட அந்த ஃபாரத்தை, கோர்ட்டில் அவனுடைய வக்கீலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உத்தரவை மீறியதற்கும் தங்கையை அடித்ததற்கும் சேர்த்து எட்டு மாதம் உள்ளே வைத்தார்கள். பீரோவைத் திறந்து குட்டியின் சர்டிபிகேட்டுகளைப் போலீசே எடுத்துக் கொடுத்தது. பிடித்த புத்தகம் எது என்ற கட்டத்தில் அவன் 'பொது அறிவு' என்று எழுதியிருந்ததாக மேடம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

குட்டி இப்போது லைப்ரரியில் பைண்டிங் வேலை பார்க்கிறாள். அண்ணி வீட்டில்தான் இருக்கிறாள். பல்லக்கா அவளை மன்னித்துவிட்டாளா என்றால், சில நாள் ஆமாம், சில நாள் இல்லை. இல்லாத நாட்களில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக விழும். குட்டி புரிந்துகொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வாள்.

எட்டு மாதத்தில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. மீதி மூன்றைப் பல்லக்கா காலண்டரில் எண்ணிக்கொண்டிருக்கிறாள். வேறு தெருவில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் அவள் எடுப்பதில்லை.

போன வாரம் ஒருநாள், பாலிஷ் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது லைப்ரரி நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. வேலை நேரத்தில் அங்கிருந்து யாரும் கூப்பிடமாட்டார்கள். கையிலிருந்த பல் செட் தெறித்துத் தரையில் உருண்டது. மோட்டாரை நிறுத்தக்கூடத் தோன்றாமல் ஃபோனைக் காதில் வைத்தாள்.

"அண்ணி" என்று குட்டி விசும்பினாள். "செத்துப் போயிட்டாரு அண்ணி."

"யாரு? யாருடி? மேடமா? டிரைவரண்ணனா?"

"இல்ல... அந்தக் கிழவரு. கழுதையைக் குடுத்துட்டுத் திரும்பி நடக்கறப்ப."

பல்லக்கா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.  வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். மெழுகு உருக்குகிற பெண் மெழுகை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள். திட்டி முடித்த பிறகும் குட்டி ஃபோனை வைக்கவில்லை, இவளும் வைக்கவில்லை.

"அந்த ஆத்துப் பாலத்துக்கிட்ட வர்றப்பவா அழுத?" என்று பல்லக்கா கேட்டாள்.

"அதுக்கு முன்னாடியே. ஏன், நீங்கதான் முடிச்சிட்டீங்களே?"

"மூணு தடவை முடிச்சாச்சு. நீ சொல்லு, எந்த எடத்துல அழுத?"